மலையாளி என்பது எங்கள் மலையின் சொல்

இது நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது பொறுமையாகப் படியுங்கள். பாதியில் விட்டுவிட்டுச் சண்டைக்கு வராதீர்கள்.

ஒரு வாரமாக வாட்ஸ்அப்பில் ஒரு காணொளி சுற்றுகிறது. 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ட்ரோன் வைத்துப் படம் எடுத்து, ஆகாய கங்கை அருவியில் குளித்து, அன்னாசிப் பழம் தின்று, கடைசியில் ஒரு தம்பி சொல்கிறார்: "இங்க வாழ்ற பழங்குடி மக்கள் மலையாளிகள். பேர்லயே தெரியுதுல்ல, இவங்க பூர்வீகம் கேரளா!" என் மாணவர்களே ஏழெட்டுப் பேர் அதை எனக்கு அனுப்பி, "சார், இது உண்மையா?" என்று கேட்கிறார்கள்.

உண்மை இல்லை. ஏன் இல்லை என்று சொல்லத்தான் இந்தப் பதிவு. காணொளி எடுத்த தம்பி மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் நாலு பேரிடம் கேட்டதைச் சொல்லியிருக்கிறார். படித்தவர்களும் அரசு அலுவலகங்களில் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர்களும் இதையேதான் நம்புகிறார்கள். இப்போது எங்கள் பிள்ளைகளில் சிலரும் நம்பத் தொடங்கிவிட்டார்கள். என் கவலை அதுதான்.

நான் இதே மலையில் பிறந்தவன். இடைநிலை ஆசிரியர் பயிற்சி முடித்து, இந்த மலையின் பள்ளிகளிலேயே பணிசெய்து ஓய்வு பெற்றவன். மொழியியலில் பட்டம் எதுவும் வாங்கவில்லை. ஆனால் ஐந்தாம் வகுப்புக்குச் சொல் பிரித்து எழுதச் சொல்லிக்கொடுத்தவன். இந்தக் கேள்விக்கு அந்தப் பாடமே போதும்.

முதலில் சொல்லைப் பிரிப்போம்.

மலை + ஆளி = மலையாளி. 'மலை' என்பது ஐகாரத்தில் முடிகிறது. அடுத்து வருவது உயிரெழுத்து. நடுவில் 'ய்' என்ற உடம்படுமெய் தோன்றும். இது நன்னூல் சொல்லும் சாதாரணப் புணர்ச்சி விதி.

அடுத்தது 'ஆளி'. 'ஆள்' என்ற வினையில் இருந்து வருவது. ஆளுதல் என்றால் அரசாளுவது மட்டும் இல்லை. கையாளுவது, வைத்துப் புழங்குவது, உடைமையாகக் கொண்டிருப்பது எல்லாம் ஆளுதல்தான். ஒன்றை உடையவர், ஒன்றோடு புழங்குகிறவர் என்று சொல்லத் தமிழில் இந்த 'ஆளி'யைப் போடுகிறோம். தொழிலை உடையவர் தொழிலாளி. முதலை உடையவர் முதலாளி. சொத்தில் பங்கு உடையவர் பங்காளி. கடன் உடையவர் கடனாளி. நோய் உடையவர் நோயாளி. கூட்டாளி, எதிராளி, விருந்தாளி, உழைப்பாளி, அறிவாளி என்று அடுக்கிக்கொண்டே போகலாம். கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரி யார்? வில்லாளி.

இந்த வரிசையில் வைத்துப் பாருங்கள். மலையை உடையவர், மலையோடு புழங்குகிறவர் மலையாளி. மலைக்காரர். அவ்வளவுதான். இதற்குப் பாலக்காட்டுக் கணவாய் தாண்டிப் போய்ப் பொருள் தேட வேண்டியதில்லை.

மலையாளி என்றால் மலையாளம் பேசுகிறவர்தான், அந்த மொழியில் இருந்துதான் பெயர் வந்தது என்று சாதிப்பவர்களிடம் ஒரு கேள்வி. அந்தக் கணக்குப்படி தொழிலாளி என்பவர் 'தொழிலாளம்' பேசுகிறவரா? பங்காளி 'பங்காளம்' பேசுகிறவரா? நோயாளிக்கு எந்த மாநிலம்?

கேரளத்து மலையாளி மட்டும் எப்படி வந்தார் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அங்கே 'மலையாளம்' என்பது முதலில் நாட்டின் பெயர். மலை சார்ந்த நாடு. மலை + ஆளம் என்றும் மலை + அளம் என்றும் அறிஞர்கள் அதை இரண்டு விதமாகப் பிரிக்கிறார்கள். எப்படிப் பிரித்தாலும் முதலில் நிற்பது மலைதான். 6ஆம் நூற்றாண்டில் காஸ்மாஸ் என்ற கிரேக்க வணிகர், மிளகு விளையும் கரையை 'மலே' என்று எழுதிவைத்தார். பின்னால் அரபு வணிகர்கள் வாயில் அது மலபார் ஆனது. தமிழ் மன்னர்கள் அந்தப் பக்கத்தை மலைநாடு, மலைமண்டலம் என்றார்கள். நாட்டுக்கு மலையாளம் என்ற பெயர் வந்து, நாட்டின் பெயர் மொழிக்குப் போய், அந்த மொழி பேசுகிறவர் மலையாளி ஆனார். அவர்கள் பெயர் நாட்டின் வழியாக வந்தது. எங்கள் பெயர் மலையில் இருந்து நேராக வந்தது. ஒரே மரத்தின் இரண்டு கிளைகள். ஒரு கிளையில் இருந்து மற்றது முளைக்கவில்லை.

மேற்கே மலை இருந்தது, அங்கே ஒரு பெயர் பிறந்தது. கிழக்கே மலை இருந்தது, இங்கேயும் ஒரு பெயர் பிறந்தது. இதில் அதிசயம் என்ன இருக்கிறது? ஆத்தூர் சேலத்தில் ஒன்று, திண்டுக்கல்லில் ஒன்று, திருச்செந்தூர்ப் பக்கம் ஒன்று. ஆறு இருந்த இடத்தில் எல்லாம் ஆத்தூர் பிறந்தது. ஒரு ஆத்தூர்க்காரர் இன்னொரு ஆத்தூரில் இருந்து குடிவந்தவர் என்று யாரும் சொல்வதில்லையே.

அடுத்து நிலப்படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மலையாளி என்ற பழங்குடி எங்கெங்கே வாழ்கிறது? கொல்லிமலை, பச்சைமலை, சேர்வராயன் மலை, கல்வராயன் மலை, சித்தேரி, ஜவ்வாது மலை, ஏலகிரி. எல்லாமே கிழக்குத் தொடர்ச்சி மலைக் குன்றுகள். கேரளத்தில் இருந்து வந்தவர்கள் என்றால் கேரளத்தை ஒட்டிய ஆனைமலையிலும் நீலகிரியிலும் அல்லவா முதலில் தங்கியிருக்க வேண்டும்? அங்கே காடர், மலசர், இருளர், தோடர், கோத்தர், குறும்பர் என்று வேறு வேறு மக்கள் இருக்கிறார்கள். மலையாளிப் பழங்குடியை அங்கே தேடினால் கிடைக்காது. மேற்கு மலையை முழுவதும் விட்டுவிட்டு, கோவையைத் தாண்டி, காவிரியைத் தாண்டி, வேலூர் வரை போய்க் கிழக்கு மலைகளில் மட்டும் ஏறிக்கொண்டார்களா? இப்படி ஒரு குடியேற்றம் நடந்திருந்தால் யாராவது ஒரு பாட்டியாவது கதை சொல்லியிருக்க மாட்டாரா?

எங்கள் பாட்டிகள் சொன்ன கதையே வேறு. காஞ்சிபுரத்தில் இருந்து மூன்று அண்ணன் தம்பிகள் புறப்பட்டார்கள். பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன். மூவரும் பிரிந்து ஆளுக்கு ஒரு மலை ஏறினார்கள். சேர்வராயன், கொல்லிமலை, பச்சைமலை. கரிராமன் என்ற எங்கள் சாமியும் அந்தக் கதையில் வருவார். எட்கர் தர்ஸ்டன் 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் என்ற நூலில் இந்த அண்ணன் தம்பி கதை பதிவாகியிருக்கிறது. கதை கதைதான். அதை வரலாறு என்று நான் சாதிக்கவில்லை. ஆனால் ஒரு சனம் தன் பிறப்பைப் பற்றிப் பேசும்போது எந்தத் திசையைப் பார்க்கிறது என்பது முக்கியம். எங்கள் முன்னோர் வடகிழக்கே காஞ்சியைப் பார்த்தார்கள். மேற்கே பார்க்கவில்லை. எங்கள் வீடுகளில் ஓணம் இல்லை, விஷு இல்லை. பொங்கல் இருக்கிறது, மாரியம்மன் இருக்கிறாள், ஆடிப்பெருக்கு இருக்கிறது. ஆடி 18க்கு அறப்பளீசுவரர் கோயிலில் கூடும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இந்த இடத்தில் இன்னொரு வகையினர் குறுக்கே வருவார்கள். "அப்படியானால் நீங்கள் சமவெளியில் இருந்து ஏறிப்போனவர்கள்தானே, பழங்குடி எப்படி ஆவீர்கள்?" என்பார்கள். கேரளக் கதையை மறுத்தால் காஞ்சிக் கதையைப் பிடித்துக்கொள்வது இவர்கள் வழக்கம். ஐயா, ஒரு வழிவழிக் கதையை நீதிமன்ற வாக்குமூலம் போலப் படிக்காதீர்கள். பழங்குடி என்பதைத் தீர்மானிக்க 1965இல் லோகூர் குழு வைத்த அடையாளங்கள் ஐந்து. தொன்மைத் தன்மை, தனிப்பட்ட பண்பாடு, ஒதுங்கிய நிலப்பகுதி, வெளியாரோடு பழகக் கூச்சம், பின்தங்கிய நிலை. எத்தனை நூற்றாண்டுக்கு முன் எந்த வழியாக மலை ஏறினீர்கள் என்ற கேள்வி அதில் இல்லை. சாலை வருவதற்கு முன்னால் காரவள்ளியில் இருந்து நோயாளியைத் தொட்டில் கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கிய தலைமுறையிடம் வந்து ஒதுங்கிய நிலப்பகுதியா என்று கேட்பவருக்கு நான் வேறு என்ன சொல்ல?

கொஞ்சம் படித்தவர்கள் வேறு ஒரு வாதம் வைப்பார்கள். "கொல்லிமலை சேரர் மலை. சேரர் என்றால் கேரளம். ஆகவே மலையாளி." கேட்க அழகாக இருக்கிறது. காலக்கணக்குத்தான் உதைக்கிறது.

ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்தவன் மலையமான் திருமுடிக்காரி என்பது சங்கப் பாடல்கள் தரும் செய்தி. காரியின் ஊர் திருக்கோவலூர்ப் பக்கம். அவனையும் 'மலையன்' என்றே பாடினார்கள். அவனைக் கேரளத்தான் என்று இதுவரை யாரும் சொல்லவில்லை. அந்தக் காலத்துச் சேரர் யார்? பரமத்தி வேலூரில் காவிரிப் பாலம் தாண்டினால் புகளூர். அங்கே ஆறுநாட்டான் மலையில் சேர மன்னர் மூன்று தலைமுறையின் பெயர் தமிழ் பிராமியில் வெட்டியிருக்கிறது. ஆதன் செல்லிரும்பொறை, பெருங்கடுங்கோன், இளங்கடுங்கோ. வெட்டியிருக்கும் மொழி தமிழ். எங்கள் மாவட்ட எல்லையில் இருந்து கூப்பிடு தூரம். மலையாள மொழியின் தொடக்கச் சான்றாகப் பொதுவாகக் காட்டப்படும் வாழப்பள்ளிச் செப்பேடோ 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. சங்கச் சேரன் கொல்லியை ஆண்டபோது மலையாளம் என்ற தனி மொழியே இல்லை. இல்லாத மொழியைப் பேசிக்கொண்டு இந்த மலைக்கு யார் வந்திருக்க முடியும்?

பின்னால் குலசேகர ஆழ்வாரும் தம்மைக் கொல்லியின் காவலன் என்று சொல்லிக்கொண்டார். அவர் பாடியதும் தமிழ்தான். 18ஆம் நூற்றாண்டில் அம்பலவாணக் கவிராயர் எங்கள் அறப்பளீசுவரர் மேல் சதகம் பாடினார். அதுவும் தமிழ். இந்த மலையைப் பற்றி எழுந்த பழைய பாட்டு எதை எடுத்தாலும் தமிழ். ஒரு பெயரின் ஓசையை மட்டும் வைத்துக்கொண்டு இத்தனையையும் ஒதுக்கித் தள்ளலாமா?

"சரி சார், ஒரு சொல்லுக்கு எதற்கு இவ்வளவு சண்டை? யார் எங்கிருந்து வந்தால் என்ன?" என்று கேட்கிறவர்களுக்காக இனி எழுதுகிறேன். உண்மையில் பதிவின் முக்கியமான பகுதி இதுதான்.

கேரள மக்கள் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. எங்களைக் கேரளத்தவர் என்றால் அது இழிவும் இல்லை. ஆனால் அது பொய். அந்தப் பொய்க்கு விலை கொடுப்பவர்கள் எங்கள் பிள்ளைகள்.

சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் படித்த ஒரு பெண், பன்னிரண்டாம் வகுப்பு முடித்து ஒரு கல்லூரிக்கு விண்ணப்பம் கொடுக்கப் போனாள். எந்தக் கல்லூரி என்று எழுதப் போவதில்லை. வாங்கும் இடத்தில் இருந்தவர் சான்றிதழைப் பார்த்துவிட்டு, "மலையாளின்னு போட்டிருக்கே, கேரளாவாம்மா நீ?" என்று கேட்டிருக்கிறார். "இல்லைங்க சார், கொல்லிமலை." "அப்போ மலையாளி எப்படி? வேற ஸ்டேட்காரங்களுக்கு இங்க எஸ்டி கோட்டா கிடையாது. போய் உங்க ஆபீஸ்ல எழுதி வாங்கிட்டு வா." சான்றிதழில் ஊர் இருக்கிறது, வட்டம் இருக்கிறது, மாவட்டம் இருக்கிறது, கோட்டாட்சியர் கையெழுத்து இருக்கிறது. அந்த ஒரு சொல்லுக்கு முன்னால் அத்தனையும் செல்லாமல் போனது. மலை ஏறி, அலுவலகம் அலுவலகமாக அலைந்து, கடிதம் வாங்கி அவள் திரும்பிப் போனபோது சேர்க்கை முடிந்திருந்தது. ஒரு வருடம் வீட்டில் இருந்தாள். மலையில் ஒரு பெண்பிள்ளை ஒரு வருடம் வீட்டில் இருந்தால் என்ன ஆகும் என்று மலைக்காரர்களுக்குத் தெரியும். மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். அவள் அம்மா பிடிவாதமாக நின்றதால் அடுத்த வருடம் போய்ச் சேர்ந்தாள்.

விடுதியில் 'சேட்டா' என்று பட்டப்பெயர் வாங்கிய பையன்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும். "எங்க, ரெண்டு வார்த்தை மலையாளம் பேசு பார்ப்போம்" என்று அலுவலகத்தில் கேட்கப்பட்டவர்களும் உண்டு. அந்தப் பிள்ளை மலையாளம் பேசத் தெரியாது என்றால், "அப்போ நீ மலையாளி இல்லை" என்பார்கள். பேசத் தெரிந்தால், "அப்போ நீ கேரளா" என்பார்கள். இரண்டு பக்கமும் கதவை அடைத்துவிட்டுத் தேர்வு வைப்பதற்குப் பெயர் விசாரணையா?

போலிச் சான்றிதழ்கள் இருக்கின்றன, அதிகாரிகள் கவனமாக இருக்க வேண்டும் என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். போலிகளால் முதலில் ஏமாறுகிறவர்கள் நாங்கள்தான். நன்றாக விசாரிக்கட்டும். எந்த நாடு என்று கேட்கட்டும். வளப்பூர் நாடா, வாழவந்தி நாடா, குண்டூர் நாடா, அரியூர் நாடா, சேலூர் நாடா? ஊர்க்கவுண்டர் யார், குலசாமி எது, பெண் கொடுத்து எடுக்கும் முறை என்ன என்று கேட்கட்டும். எங்கள் வீட்டு மூன்றாம் வகுப்புக் குழந்தைகூடப் பதில் சொல்லும். இந்தக் கேள்விகள் தெரியாத ஒருவர், பெயரைக் கேட்டுச் சிரித்துவிட்டுத் தாளைத் திருப்பித் தருவது கவனம் ஆகாது.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் தெரிந்துகொள்ளுங்கள். தமிழ்நாட்டின் பட்டியல் பழங்குடிகளில் 25ஆவது பெயர் மலையாளி. 1976ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின்படி தருமபுரி, வட ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆற்காடு, திருச்சிராப்பள்ளி மாவட்டங்களில் வாழும் மலையாளிகள் பழங்குடியினர். நாமக்கல் 1997இல்தான் சேலத்தில் இருந்து பிரிந்தது. அதனால் கொல்லிமலை அந்த 'சேலம்' என்ற சொல்லுக்குள் அடக்கம். அதே பட்டியலில் எங்களுக்கு முன்னும் பின்னும் யார் இருக்கிறார்கள் பாருங்கள். மலை அரையன், மலைப்பண்டாரம், மலைவேடன், மலைக்குறவன், மலசர், அப்புறம் மலையாளி. மலையை வைத்துப் பெயர் பெற்றவர்களின் வரிசை அது. எங்கள் பெயர் அங்கே உட்கார்ந்திருக்கும் இடமே அதன் பொருளைச் சொல்கிறது.

நாங்கள் சின்னக் கூட்டமும் இல்லை. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பழங்குடியினர் மொத்தம் 7.9 லட்சம். அதில் மலையாளிகள் மட்டும் மூன்றரை லட்சத்துக்கு மேல். மாநிலத்தின் மிகப்பெரிய பழங்குடியின் பெயருக்குப் பொருள் தெரியாமல் ஒருவர் அந்த மாநிலத்திலேயே சேர்க்கை நடத்துகிறார், சான்றிதழ் சரிபார்க்கிறார் என்றால் அந்தக் குறை எங்கள் பெயரில் இல்லை.

கடைசியாக எங்கள் பிள்ளைகளுக்கு. இது உங்களோடு எனக்குள்ள சண்டை.

"இந்தப் பேரால்தான சார் பிரச்சினை, பேசாம பேரையே மாத்திடலாம்" என்கிறீர்கள். சிலர் முகநூலில் 'மலைவாழ் மக்கள்' என்று மட்டும் போடுகிறீர்கள். சிலர் பட்டப்பெயரை மட்டும் போட்டுக்கொள்கிறீர்கள். தம்பிகளா, தங்கைகளா, கையில் இருக்கும் நிலத்தின் பட்டாவைக் கிழித்துப் போட்டுவிட்டு அடுத்தவனோடு எல்லைத் தகராறு பேச முடியுமா?

அரசியல் சாசனத்தின் 342ஆவது பிரிவின்படி அந்தப் பட்டியலில் ஒரு பெயரைச் சேர்க்கவோ நீக்கவோ நாடாளுமன்றத்தால் மட்டுமே முடியும். பட்டியலில் என்ன இருக்கிறதோ அதை அப்படியே படிக்க வேண்டும், இதுவும் அதுவும் ஒன்றுதான் என்று விசாரித்துச் சேர்க்க நீதிமன்றத்துக்கும் அதிகாரம் இல்லை என்று 2000இல் மிலிந்த் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது. பட்டியலில் இருப்பது 'மலையாளி'. 'மலைவாழ் மக்கள்' இல்லை, 'மலைக்கவுண்டர்' இல்லை. நீங்கள் வெட்கப்பட்டு விடும் அந்தச் சொல்லில்தான் உங்கள் தங்கையின் படிப்பும் உங்கள் நிலத்தின் பாதுகாப்பும் தொங்கிக்கொண்டிருக்கின்றன.

எங்கள் பெரியவர்கள் பலர் பெயரோடு 'கவுண்டர்' என்று வரும். அது மரியாதைப் பட்டம். சமவெளியில் அதே சொல் வேறு சமூகத்தைக் குறிக்கும். பள்ளியில் சேர்க்கும்போது இனம் என்ற கட்டத்தில் அந்தப் பட்டத்தை எழுதிவிட்டு, இருபது வருடம் கழித்துச் சான்றிதழுக்கு அலைந்த குடும்பங்கள் இருக்கின்றன. பணியில் இருந்தவரை என் கையால் நிரப்பிய பதிவேட்டில் பட்டத்தைப் பெயரோடு வைத்தேன், இனத்தின் கட்டத்தில் 'மலையாளி' என்று மட்டும் எழுதினேன். இப்போது பணியில் இருக்கும் ஆசிரியர்களுக்கும் அதையே சொல்கிறேன்.

ஒரு சொல் எவ்வளவு பெரியது என்று தெரிய வேண்டுமானால் பர்கூர் மலையைப் பாருங்கள். அங்கேயும் மலையாளிகள் இருக்கிறார்கள். ஆனால் அது ஈரோடு மாவட்டம். 1979இல் கோவையில் இருந்து பிரிந்தது. சட்டத்தில் எழுதிய ஆறு மாவட்டங்களில் கோவை இல்லை. அதனால் அவர்களுக்குப் பழங்குடிச் சான்றிதழ் இல்லை. பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்குப் பெயர் இருக்கிறது, மாவட்டம் இல்லை. நமக்குப் பெயரும் இருக்கிறது, மாவட்டமும் இருக்கிறது. நாம் பெயரை விட்டுவிடலாமா என்று யோசிக்கிறோம்! பர்கூர்க்காரர் கேட்டால் என்ன நினைப்பார்?

என்ன செய்யலாம் என்று கேட்பவர்களுக்கு என் யோசனை இது.

ஒன்று: கல்லூரிக்கோ வேலைக்கோ விண்ணப்பிக்கும் மலைப்பிள்ளைகள் பட்டியல் பழங்குடிகள் பெயர்ப்பட்டியலின் ஒரு நகலைச் சான்றிதழோடு வைத்துக்கொள்ளுங்கள். 25ஆவது பெயரை அடிக்கோடிட்டு வையுங்கள். கேட்கிறவரிடம் கோபப்படாதீர்கள். காட்டுங்கள்.

இரண்டு: யாராவது "கேரளாவா?" என்று கேட்டால் 'இல்லை' என்று சொல்லி நிறுத்திவிடாதீர்கள். "தொழிலாளி மாதிரி மலையாளி. மலைக்காரர்" என்று ஒரு வரி சேர்த்துச் சொல்லுங்கள். ஒருவருக்குப் புரிந்தால் அவர் பத்துப் பேருக்குச் சொல்வார்.

மூன்று: பாடநூல் எழுதும் பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கடையெழு வள்ளல்களில் ஓரியைச் சொல்கிறீர்கள், மகிழ்ச்சி. அவன் மலையில் இன்று வாழும் மக்களின் பெயரையும் அதன் பொருளையும் அதே பக்கத்தில் நாலு வரி எழுதுங்கள். நாளைக்கு மேசைக்குப் பின்னால் உட்காரப் போகிறவர்களும் அந்தப் புத்தகத்தைத்தான் படிக்கப் போகிறார்கள்.

நான்கு: காணொளி எடுக்கும் தம்பிகளுக்கு. தாராளமாக வாருங்கள். அருவியைக் காட்டுங்கள், பலாவையும் மிளகையும் காட்டுங்கள். எங்களைப் பற்றிப் பேசும்போது மட்டும் செம்மேட்டில் டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெரியவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பேசுங்கள். டீயும் அவரே வாங்கித் தருவார்.

கருத்து வேறுபாடு இருந்தால் கீழே எழுதுங்கள். சான்றோடு வந்தால் பதில் சொல்கிறேன். "பேர்லயே தெரியுதே" என்று மட்டும் வந்தால், மேலே போய் இரண்டாவது முறை படிக்கச் சொல்வேன். பழைய வாத்தியார் பழக்கம், விடாது.

மலைப்பிள்ளைகள் இருக்கும் குழுக்களில் இதைப் பகிருங்கள். விண்ணப்பம் போடும் காலம் வருகிறது.

— ஓய்வு பெற்ற இடைநிலை ஆசிரியர், மலையாளி, கொல்லிமலை